ஓடத் தெரிந்தவர்களுக்கு ஒரு நீச்சல் பாடம்



போன வருஷம் நம் கிளையிலிருந்து முப்பது பேர் கோத்தா திங்கி நீர்வீழ்ச்சிக்குப் போயிருந்தோம். மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிச்சுக்கிட்டு இருந்த நேரம். ஒன்பது வயசுப் பையன் ஒருத்தன் பாசி படிந்த பாறையில் வழுக்கி, கீழே இருந்த ஆழமான இடத்தில் விழுந்துட்டான். அவனுக்கு மிக அருகில் நின்றது நான்தான். பதினைந்து மீட்டர் இருக்கும். எல்லாரையும் முந்தி ஓடிப்போய்க் கரையில் நின்றேன். அதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியல. பின்னால் வந்த ஒரு அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் இறங்கி, நாலு வீச்சில் போய் அவன் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாங்க. பையனுக்கு ஒன்றும் ஆகல. ரெண்டு மடக்குத் தண்ணி குடிச்சான், பத்து நிமிஷம் அழுதான், அப்புறம் பசிக்குதுன்னான்.

அன்றைக்கு நான் போட்டிருந்த சட்டை ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் கொடுத்தது. 5 கிலோமீட்டரை 23 நிமிடத்தில் ஓடுவேன். கிளையில் யாரைக் கேட்டாலும் நான்தான் நல்ல உடல்தகுதி உள்ளவன் என்பார்கள். யாரும் என்னைக் குறை சொல்லல. ஆனா பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பதினைந்து மீட்டர்தான் மனசில் ஓடிக்கிட்டே இருந்தது.

அடுத்த வாரமே ஸ்கூடாய்ப் பக்கம் ஒரு நீச்சல் குளத்துக்குப் போனேன். கொஞ்சம் மிதக்கத் தெரியும், கையைக் காலை அடிக்கத் தெரியும். 21 கிலோமீட்டர் ஓடுறவனுக்கு 50 மீட்டர் பெரிய விஷயமான்னு நினைச்சேன். பாதியிலேயே மூச்சு முட்டி, தடத்தைப் பிரிக்கும் கயிற்றைப் பிடிச்சுத் தொங்கினேன். பக்கத்துத் தடத்தில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு சீன ஆன்டி, காலை நடைக்கு வந்தவர் போல அலட்டாமல் போய்ப் போய் வந்துக்கிட்டிருந்தாங்க. மூணாவது நாள் என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே, "அடேக், ஜாங்ஙான் லாவான் ஆயேர்" என்றார்கள். தம்பி, தண்ணியோட சண்டை போடாதே. அதன் அர்த்தம் எனக்கு முழுசா விளங்க நாலு மாசம் ஆச்சு. அந்த நாலு மாசத்தில் படிச்சதும் செய்து பார்த்ததும்தான் இந்தப் பாடம். நான் பயிற்றுநர் இல்லை. இயந்திரவியல் படிக்கிற மாணவன். அதனால் கொஞ்சம் கணக்கும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது நம்மில் பலருக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். நம் சமூகம் ஓட்டத்தில் பேர் எடுத்த சமூகம். 1966-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் டாக்டர் எம். ஜெகதீசன் 100, 200 மீட்டர்களில் தங்கம் வாங்கினார். அதே போட்டியில் எம். ராஜாமணி 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். நீச்சலில் அப்படிச் சொல்ல உடனே நமக்கு ஒரு பேர் வருதா? தோட்டப்புறப் பள்ளியில் ஒரு திடல் இருந்தது, நீச்சல் குளம் இருந்ததில்லை. ஓடுவதற்குச் சப்பாத்துகூடத் தேவையில்லை. நீந்த வேண்டும் என்றால் குளம் வேண்டும், கட்டணம் வேண்டும், கூட்டிப்போக ஒருத்தர் வேண்டும். "தண்ணிப் பக்கம் போகாதே" என்று பாட்டி சொன்னதுக்கு இதுதான் காரணமே தவிர, தண்ணீர் நமக்கு ஆகாது என்பதெல்லாம் சும்மா பேச்சு. தொண்டைமானாற்றுக்காரர் மு. நவரத்தினசாமி 1954-இல் பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் அதே நீரிணையை ஒரே மூச்சாகப் போய்த் திரும்பினார். 51 மணி நேரம் தண்ணீரிலேயே இருந்தார். தமிழ்நாட்டுக் குற்றாலீஸ்வரன் 1994-இல், பள்ளிக்கூடப் பையனாக இருக்கும்போதே, ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். ஆகவே சாக்கு வேண்டாம்.

ஓட்டக்காரர்கள் தண்ணீரில் தடுமாறுவதும் புதுசு இல்லை. இன்றைக்கு டிரையத்லான் என்று சொல்கிற மூன்று விளையாட்டுப் போட்டியே ஓட்டக்காரர்கள் ஆரம்பித்ததுதான். அமெரிக்காவின் சான் டியாகோ ஓட்டக் கழகத்தைச் சேர்ந்த ஜாக் ஜான்ஸ்டோன், டான் ஷனஹன் இருவரும் 1974 செப்டம்பர் 25 அன்று மிஷன் பே என்ற இடத்தில் ஓட்டம், சைக்கிள், நீச்சல் மூன்றையும் சேர்த்து ஒரு போட்டி வைத்தார்கள். 46 பேர் வந்தார்கள். பெரும்பாலோர் ஓடத் தெரிந்தவர்கள். கடைசியாக நீந்தினவர்கள் வருவதற்குள் இருட்டிவிட்டதால், கார்களின் முன்விளக்கைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி வைக்க வேண்டி வந்ததாம்! அந்தப் போட்டியில் கலந்துகொண்ட ஜான் காலின்ஸ் என்ற கடற்படைக்காரர்தான் பிறகு தன் மனைவி ஜூடியுடன் சேர்ந்து 1978-இல் ஹவாயில் அயர்ன்மேன் போட்டியைத் தொடங்கினார். முதல் அயர்ன்மேனில் 15 பேர் இறங்கி 12 பேர் முடித்தார்கள். வென்ற கோர்டன் ஹாலர் நல்ல ஓட்டக்காரர். நீச்சலில் இரண்டாம் இடத்துக்காரரைவிடச் சுமார் 20 நிமிடம் பின்தங்கியிருந்தார். கடைசி ஓட்டத்தில்தான் பிடித்தார்.

இதைப் படிச்சதும் எனக்கு முதலில் ஆறுதலா இருந்தது. ஓட்டத்தில் பிடிச்சுக்கலாம், நீச்சல் எப்படி இருந்தால் என்ன? நம் ஜொகூரிலேயே தேசாருவில் அயர்ன்மேன் 70.3 நடக்கிறது: 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். நேரத்தை மட்டும் பார்த்தால் நீச்சல் சின்னப் பங்குதான். ஆனா தண்ணீரில் செத்துப் பிழைச்சு வெளியே வருகிறவன் ஓட்டத்தில் யாரைப் பிடிப்பான்? அதோடு எனக்கு வேண்டியது பதக்கம் மட்டும் இல்லை. அந்தப் பதினைந்து மீட்டரும் வேண்டும்.

ஓட்டக் கணக்கு தண்ணீரில் ஏன் பலிக்காது

ஓட்டத்தில் நமக்கு ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கு. கூடுதலாக முயற்சி போட்டால் கூடுதல் வேகம் வரும். தரையில் அது பெரும்பாலும் உண்மைதான். நாம் ஓடுகிற வேகத்தில் காற்றின் தடை சிறிது. வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால் செலவாகும் சக்தியும் ஏறக்குறைய அந்த அளவே கூடும்.

தண்ணீரின் அடர்த்தி காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு. தண்ணீர் நம்மைப் பின்னுக்கு இழுக்கும் விசையை இழுவை என்போம். அது வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அந்த இழுவையை எதிர்த்து நகரத் தேவையான திறனோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். வேகம் 1.1 மடங்கானால் தேவைப்படும் திறன் 1.1 × 1.1 × 1.1, அதாவது 1.33 மடங்கு. பத்து விழுக்காடு வேகத்துக்கு முப்பத்து மூன்று விழுக்காடு திறன்! இந்தப் பேரத்தில் நமக்கு நட்டம்தான்.

இன்னொரு விதமாகப் பாருங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீனாவின் பான் ஜான்லே 100 மீட்டரை 46.40 வினாடியில் நீந்தி உலக சாதனை படைத்தார். மணிக்கு 7.8 கிலோமீட்டர்கூட இல்லை. ஹூத்தான் பண்டாரில் சாயங்காலம் பேசிக்கிட்டே ஓடுகிற மாமாக்களின் வேகம் அது. உலகிலேயே வேகமான மனிதரைத் தண்ணீர் அந்த அளவுக்குத்தான் விடுகிறது என்றால், நம் தொடை பலத்தை அது மதிக்குமா?

என் கணக்கையே சொல்கிறேன். ஆரம்பத்தில் நான் தொடர்ந்து நீந்தக்கூடிய வேகம் 100 மீட்டருக்கு 2 நிமிடம் 55 வினாடி. நாலு மாதம் கழித்து 2 நிமிடம் 30 வினாடி. வேகம் 1.17 மடங்கு கூடியிருக்கு. பழைய உடல்வாட்டத்தோடு இந்த வேகத்தில் போக வேண்டும் என்றால் எனக்கு ஏறக்குறைய 59 விழுக்காடு கூடுதல் திறன் தேவைப்பட்டிருக்கும். என் இதயமும் நுரையீரலும் நாலு மாதத்தில் 59 விழுக்காடு வளரல. 5 கிலோமீட்டர் நேரம் இன்னும் 23 நிமிடம்தான். ஆக, மாறியது இழுவையும், கை நீரைப் பிடிக்கும் விதமும்.

கால் ஏன் தாழுது

இழுவையில் பெரும்பங்கு நம் கிடப்பைப் பொறுத்தது. உடம்பின் ஈர்ப்பு மையம் இடுப்புப் பக்கம் இருக்கு. மிதப்பு மையமோ காற்று நிறைந்த நுரையீரல் இருப்பதால் அதைவிடக் கொஞ்சம் மேலே, மார்புப் பக்கம். ஒன்று கீழே இழுக்குது, இன்னொன்று மேலே தள்ளுது, ரெண்டும் ஒரே இடத்தில் இல்லை. அதனால் உடம்பு சீசா பலகை மாதிரி திரும்பிக் கால் தாழும். ஓட்டக்காரர்களுக்கு இது கூடுதல் தொல்லை. தசை தண்ணீரைவிடக் கனம், கொழுப்பு லேசு. ஓடி ஓடிக் கொழுப்பைக் கரைச்சு, தொடையிலும் கெண்டைக்காலிலும் தசையைச் சேர்த்து வச்சிருக்கோம். அந்த ஆன்டி ஏன் தக்கை மாதிரி மிதந்தாங்கன்னு இப்போ புரியுதா?

1.7 மீட்டர் உயரமுள்ள ஒருத்தர் 15 பாகை சாய்ந்து கிடந்தால் பாதம் தலையைவிட 44 சென்டிமீட்டர் கீழே இருக்கும். எதிரே வரும் தண்ணீர் தோளை மட்டுமா இடிக்கும்? மார்பு, வயிறு, தொடை எல்லாத்தையும் தள்ளிக்கிட்டுத்தான் போகணும். லாரிக்குப் பின்னால் ஒரு கதவைக் குறுக்காகக் கட்டி இழுக்கிற மாதிரி.

நாம் செய்கிற முதல் தப்பு, பயத்தில் தலையைத் தூக்கி முன்னால் பார்ப்பது. தலை கிட்டத்தட்ட 5 கிலோ. அதைத் தூக்கினால் சீசாவின் மறுபக்கமான கால் இன்னும் இறங்கும். பார்வை குளத்தின் தரையில் இருக்கட்டும். கழுத்து தளர்ந்து, நெஞ்சை லேசாக் கீழே அழுத்தினால் இடுப்பு தானாக மேலே வரும். இதை நம்ப எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு. எளிய சோதனை ஒன்று: சுவரைக் காலால் உதைச்சு, இரு கையையும் காதோடு ஒட்டி நீட்டி, ஒன்றும் செய்யாமல் அப்படியே மிதந்து போங்கள். எங்கே நிற்கிறீர்களோ அந்தத் தூரத்தைத் தரை ஓட்டை வச்சு எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை குளத்துக்குப் போகும்போதும் முதலில் இதை ஐந்து தடவை செய்யுங்கள். தூரம் கூடினால் இழுவை குறைந்தது என்று அர்த்தம். இதைவிட மலிவான ஆய்வுக்கூடம் கிடையாது.

ரெண்டாவது தப்பு, சைக்கிள் மிதிக்கிற மாதிரி முழங்காலை மடக்கி உதைப்பது. ஓடும்போது முழங்காலைத் தூக்கிப் பழகியதால் வருவது. தொடை முன்னால் வந்தால் அது பிரேக். உதை இடுப்பிலிருந்து வரணும், சின்னதாக இருக்கணும், பாதம் பின்னால் நீண்டு தளர்வாக இருக்கணும்.

பாதம்தான் எனக்குப் பெரிய சிக்கல். ஓடுறவர்களுக்குக் கணுக்கால் விறைப்பு அதிகம். தரையில் அந்த விறைப்பு ஸ்பிரிங் மாதிரி உதவும். தண்ணீரில் பாதம் நீளாமல் செங்குத்தா நின்றால் மண்வெட்டி மாதிரி தண்ணியைக் கோரும். கிக்போர்டைப் பிடிச்சுக்கிட்டு உதைச்ச முதல் நாள் நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கொஞ்சம் பின்னால் போனதாகக்கூட நண்பன் சத்தியம் செய்கிறான். இதற்கு மருந்து நம் யோகா வகுப்பிலேயே இருக்கு: வஜ்ராசனம். பாதத்தின் மேல்புறம் தரையில் படிய, குதிகால் மேல் உட்காருவது. தினமும் ரெண்டு நிமிடம். எனக்கு ஆறு வாரத்தில் பாதம் நீள ஆரம்பித்தது. முழங்கால் வலி உள்ளவர்கள் செய்ய வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து கையால் பாதத்தை நீட்டி விட்டாலும் போதும்.

உதையைப் பற்றி இன்னொன்று. தூரம் நீந்தும்போது உதை உங்களை முன்னால் தள்ளுவது கொஞ்சம்தான். காலை மேலே வைத்திருப்பதுதான் அதன் முக்கிய வேலை. தொடைத் தசை உடம்பிலேயே பெரியது, பிராணவாயுவை அப்படியே குடிக்கும். வேகமாக உதைச்சால் மூச்சு முட்டுவது அதனால்தான். ஒரு கை வீச்சுக்கு ஒரு உதை போதும்.

மூச்சு

ஓட்டக்காரரைத் தண்ணீர் உண்மையில் தோற்கடிப்பது இங்கேதான். ஓடும்போது எப்போது வேண்டுமானாலும் மூச்சு விடலாம். நீச்சலில் ரெண்டு அல்லது மூணு வீச்சுக்கு ஒரு தடவைதான் வாய்ப்பு. பயத்தில் நாம் காற்றை இழுத்து அடக்கி வைத்துக்கொள்கிறோம். முகம் வெளியே வரும் அரை வினாடிக்குள் வெளியே விட்டு உள்ளேயும் இழுக்கப் பார்க்கிறோம். ரெண்டும் நடக்காது. அந்த மூச்சுமுட்டல் பெரும்பாலும் பிராணவாயு குறைந்ததால் வருவது இல்லை. உள்ளே தேங்கிய கரியமில வாயு வெளியேறாமல் கிடப்பதால் வருவது.

முகம் தண்ணீருக்குள் போனதுமே மூக்கு வழியாகக் குமிழி விட ஆரம்பிக்கணும். நிறுத்தாமல், மெதுவாக, முகம் வெளியே வரும் வரைக்கும். அப்போதான் வெளியே வந்ததும் இழுக்க மட்டும் நேரம் இருக்கும். பிராணாயாமம் பழகியவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும். பூரகத்தைவிட ரேசகம் நீளம், அவ்வளவுதான். நான் குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில் நின்று, முகத்தை முக்கிக் குமிழி விட்டு, பக்கவாட்டில் திரும்பி இழுத்து, மறுபடி முக்கி, இப்படியே ஒரு வாரம் செய்தேன். சின்னப் பிள்ளைகள் சிரிச்சாங்க. பரவாயில்லை.

தலையைத் தூக்கி மூச்சு எடுக்காதீர்கள். உடம்போடு சேர்ந்து உருளுங்கள். நீச்சல் கண்ணாடியின் ஒரு பக்கம் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். நாம் நகரும்போது தலைக்கு முன்னால் ஒரு சின்ன அலை எழும்பி, வாய்ப் பக்கத்தில் பள்ளம் விழும். காற்று அந்தப் பள்ளத்தில் காத்துக்கிட்டு இருக்கு.

இங்கே ஓர் எச்சரிக்கை. யோகா செய்கிற நம் பையன்களுக்காகவே சொல்கிறேன். தண்ணீருக்கு அடியில் எவ்வளவு தூரம் மூச்சடக்கிப் போகலாம் என்று பந்தயம் கட்டாதீர்கள். அதிலும் முன்னதாகக் கபாலபாதி மாதிரி வேக வேகமாக மூச்சு விட்டுவிட்டு முங்கவே கூடாது. அப்படி மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சு எடுக்கணும் என்ற உந்துதலைத் தருவதே அதுதான். உந்துதல் வருவதற்கு முன்பே பிராணவாயு தீர்ந்து, ஒரு அறிகுறியும் இல்லாமல் தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிடலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள்.

கையும் கணக்கும்

கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதை ஒருத்தர் பார்த்துத் திருத்துவதுதான் நல்லது. கை தலைக்கு முன்னால் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. தோளுக்கு நேராக இறங்கணும். நடுக்கோட்டைத் தாண்டினால் உடம்பு பாம்பு மாதிரி நெளியும். இறங்கியதும் அவசரப்பட்டுக் கீழே அழுத்தாதீர்கள். முழங்கை மேலே நிற்க, விரல் நுனி தரையைப் பார்க்க, உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து ஒரே துடுப்பாகப் பின்னால் தள்ளட்டும். இதை உணர ஒரு வழி உண்டு. கையை முஷ்டி பிடிச்சுக்கிட்டு 50 மீட்டர் நீந்துங்கள். முதலில் ஒன்றும் நகராது. கொஞ்ச நேரத்தில் முன்கை வேலை செய்யத் தொடங்கும். பிறகு விரலை விரிச்சால் தட்டு கிடைச்ச மாதிரி இருக்கும்.

50 மீட்டருக்கு எத்தனை வீச்சு என்று எண்ணுங்கள். என் முதல் எண்ணிக்கை 58, இப்போ 46. இதையே வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீச்சுக்கும் இடையில் தூங்கிவிடவும் கூடாது. எண்ணிக்கையும் நேரமும் சேர்ந்து குறைந்தால்தான் முன்னேற்றம்.

இனி பயிற்சி. ஓட்டக்காரர் புத்தி என்ன சொல்லும்? மெதுவாக ஆரம்பிச்சுத் தூரத்தை ஏற்றிக்கொண்டே போ என்று. முதல் மாதம் நானும் 1 கிலோமீட்டர் நிற்காமல் போக மல்லுக்கட்டினேன். களைத்த பிறகு முழங்கை விழும், கால் தாழும், அந்தக் கெட்ட வடிவத்தையே நூறு நூறு தடவை உடம்புக்குப் பாடம் எடுத்தேன். ஒரு மாதம் வீண். சின்னத் துண்டுகளாக வெட்டுங்கள். 25 மீட்டர், 50 மீட்டர், இடையில் 20 வினாடி ஓய்வு. வடிவம் கலைந்தால் நின்றுவிடுங்கள். வாரம் ஒரு நாள் ரெண்டு மணி நேரம் நீந்துவதைவிட மூணு நாள் நாற்பது நிமிடம் நல்லது. தண்ணீரின் பிடி விரல்களுக்கு மறந்து போய்விடுகிறது. நீண்ட ஓட்டம் ஓடிய அன்றைக்கு நுணுக்கம் பழகப் போகாதீர்கள். கெண்டைக்கால் பிடிச்சு இழுக்கும்.

வடிவம் ஓரளவு நின்ற பிறகு வேகத்துக்கு வரலாம். ஓட்டத்தில் நமக்கு ஒரு தாங்குவேகம் இருக்கு இல்லையா, அதே மாதிரி நீச்சலிலும் கண்டுபிடிக்கலாம். நன்றாக உடம்பைச் சூடுபடுத்திக்கொண்டு 400 மீட்டர் முடிந்த அளவு வேகமாக நீந்தி நேரத்தைக் குறியுங்கள். நல்ல ஓய்வுக்குப் பிறகு 200 மீட்டர். ரெண்டு நேரத்தையும் கழித்து, இரண்டால் வகுத்தால் 100 மீட்டருக்கான தாங்குவேகம். என்னுடையது: 400 மீட்டர் 9 நிமிடம் 40 வினாடி, 200 மீட்டர் 4 நிமிடம் 40 வினாடி. வித்தியாசம் 300 வினாடி, பாதி 150. அதாவது 2 நிமிடம் 30 வினாடி. வாரம் ஒரு நாள் இந்த வேகத்தில் 100 மீட்டரை ஆறு தடவை, நடுவில் 20 வினாடி ஓய்வோடு நீந்துவேன். ஆறாவதும் முதலாவதும் ஒரே நேரத்தில் முடியணும். முதல் நூறைப் பாய்ந்து முடிச்சு, கடைசியில் தத்தளிப்பதுதான் ஓட்டக்காரர் குணம். மற்ற ரெண்டு நாளும் நுணுக்கம் மட்டும்.

சில்லறை விஷயங்கள்: பருத்திச் சட்டையோடு இறங்காதீர்கள், அது பாரசூட் மாதிரி தண்ணியை வாரும், பல குளங்களில் அனுமதியும் இல்லை. தங்கைகள் உடைக்காகத் தயங்க வேண்டாம். உடம்பை முழுதும் மூடும் நீச்சல் உடை கடைகளில் கிடைக்குது, நம் ஊர்க் குளங்களில் அதைப் போட்டு நீந்துகிறவர்கள் ஏராளம். 2025 ஜனவரியிலிருந்து ஜொகூரில் வார விடுமுறை சனி, ஞாயிறாக மாறியதில் ஞாயிற்றுக்கிழமைக் குளத்தில் கால் வைக்க இடமில்லை. வேலை நாள் காலையில் போங்கள்.

கடலுக்குப் போவதென்றால் தனியாகப் போகாதீர்கள். தேசாருக் கடற்கரை தென்சீனக் கடலைப் பார்த்து இருக்கு. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அங்கே இறங்குவது முட்டாள்தனம். கடலில் தரைக்கோடு கிடையாது. பத்து வீச்சுக்கு ஒரு தடவை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கி அடையாளம் பார்த்துக்கொள்ளப் பழகணும். குளத்தில் கண்ணை மூடி பத்து வீச்சு போட்டுப் பார்த்தால் நீங்கள் எந்தப் பக்கம் கோணுகிறீர்கள் என்று தெரியும். நான் இடது பக்கம்.

ஆனா ஒன்று. தடத்தில் போய் வருவது வேறு, மூழ்குகிறவரைக் காப்பாற்றுவது வேறு. இதை அந்த அக்காவே பிறகு என்னிடம் சொன்னாங்க. அவங்க உயிர்காக்கும் நீச்சல் பயிற்சி எடுத்தவங்க. "தம்பி, அன்னிக்கு நீ குதிக்காம நின்னது சரிதான். ஆனா கரையில நின்ன நேரத்துல அந்த ஐஸ் பெட்டியத் தூக்கிப் போட்டிருக்கலாம்ல?" என்றார்கள். ஐஸ் பெட்டி மிதக்கும். என் பக்கத்திலேயே இருந்தது. மிதப்பு விசை பற்றி நான் முழு செமஸ்டர் படிச்சிருக்கேன். பயிற்சி இல்லாதவர் கையில் கிடைச்ச மிதக்கும் பொருளை, கயிறை, கழியை நீட்டணும், ஆளைக் கூப்பிடணும், குதிக்கக் கூடாது. நம் கிளை வெளியே போகும்போதெல்லாம் இப்போது ஒரு நீளக் கயிறும் மிதவையும் பஸ்ஸில் வருது.

போன மாதம் 750 மீட்டரை நிற்காமல் 18 நிமிடம் 50 வினாடியில் முடிச்சேன். குறுந்தூர டிரையத்லானின் நீச்சல் தூரம் அது. வலது பக்கம் மட்டும்தான் மூச்சு வருது, இடது பக்கம் திரும்பினால் இன்னும் தண்ணி குடிக்கிறேன். ஆன்டி அதற்குள் 1 கிலோமீட்டரை முடிச்சுட்டு, படியில் உட்கார்ந்து பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாங்க. அப்புறம் அதே கையால் இடது பக்கத்தைச் சுட்டினாங்க.